யூதர்–முஸ்லிம் நட்பு: மேடையில் பேசி வருமா, சேர்ந்து கூரை மாற்றினால் வருமா?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

காஸா போர் தொடங்கியதிலிருந்து இந்தப் பொருளில் எந்த இழை போட்டாலும் இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் அடிதடி ஆகிவிடுகிறது. தெரிந்தேதான் போடுகிறேன். யூதர்களும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் உதவியாக இருந்த, இப்போதும் இருக்கிற இடங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ‘எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது’ வகைப் பதிவுகள் வேண்டாம், அதற்குக் குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

நான் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டிலிருந்து தொடங்குகிறேன். 19ஆம் நூற்றாண்டில் கம்பளி வியாபாரத்துக்காக ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள் அங்கே பவ்லண்ட் தெருவில் ஒரு ஜெபக்கூடம் கட்டினார்கள். முகப்பு முழுக்க மூர் பாணி (ஸ்பெயின், வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் கட்டடக்கலை) அலங்காரம். விவரம் தெரியாதவர் பார்த்தால் பள்ளிவாசல் என்றே சொல்வார். கம்பளி ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது பாகிஸ்தானிலிருந்து முஸ்லிம்கள் வந்தார்கள். யூதர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 2011 கணக்கெடுப்பில் அந்த ஊரில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 1,29,000 பேர், யூதர்கள் 300 பேர்கூட இல்லை.

2012 கடைசியில் ஜெபக்கூடத்தின் கூரை பழுது. சரிசெய்யக் காசில்லை. கட்டடத்தை விற்றுவிடுவது என்ற முடிவுக்கு வந்துவிட்டார் தலைவர் ரூடி லீவர். சிறுவயதில், 1937இல், பெர்லினிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்தவர் அவர். பல் மருத்துவர். விஷயம் தெரிந்ததும் பணம் திரட்ட முன்னால் நின்றது பள்ளிவாசல்கள் கவுன்சிலைச் சேர்ந்த சுல்ஃபி கரீமும், பக்கத்துத் தெரு உணவகக்காரர் ஒருவரும், ஒரு ஜவுளி முதலாளியும். அவசரச் செலவு அதில் சமாளிக்கப்பட்டது. அப்புறம் பாரம்பரியக் கட்டடங்களுக்கான லாட்டரி நிதியிலிருந்து 1 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்து கூரை வேலை நடந்தது. சில ஆண்டு கழித்து ஜெபக்கூடத்தின் நிர்வாகக் குழுவிலேயே ஒரு முஸ்லிமைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது இதன் தொடக்கம். அந்த உணவகக்காரருக்கும் ஜெபக்கூடத்துக்கும் பழக்கம் வந்ததே, அதே பகுதியில் இன்னொரு உணவகம் வரவிருந்ததை இருவரும் சேர்ந்து எதிர்த்ததில்தான். வண்டி நிறுத்துகிற தகராறு! ஆபிரகாமும் இப்ராஹிமும் ஒருவரே, நாமெல்லாம் அவர் வழி வந்தவர்கள் என்று யாரும் பேசவில்லை. கைவேலை ஒன்று இருந்தால் நட்பு தானாக வரும், வெறும் பேச்சுக்கூட்டம் போட்டால் வராது என்பது என் கட்சி. வாருங்கள், உடைத்துப் பாருங்கள்.

---

நாகூர்க்காரன்

நல்ல விஷயம்தான் அண்ணே. ஆனால் இந்த மாதிரிச் செய்தி எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? ‘முஸ்லிம்கள் ஜெபக்கூடத்தைக் காப்பாற்றினார்கள்.’ படிக்கிறவர் முகத்தில் ஒரு ஆச்சரியம். ஏன் ஆச்சரியம்? முஸ்லிம் என்றால் கல்லெறிவான் என்று முதலிலேயே வைத்திருப்பதால்தான். நல்லவன் என்று நிரூபிக்கிற வேலை எப்போதும் எங்கள் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்று. காஸாவில் பல்லாயிரம் பேர் செத்திருக்கிறார்கள், அதில் குழந்தைகள் எத்தனை. இந்த நேரத்தில் ‘உரையாடல்’ என்று யாராவது அழைத்தால், நடந்ததைப் பேசாதே, தேநீர் குடிப்போம் என்றுதான் என் காதில் விழுகிறது. பிராட்ஃபோர்டு யூதர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் யாருடைய நிலத்தையும் எடுக்கவில்லை. அதனால்தான் அங்கே நட்பு சுலபம்.

---

ஹௌரா எக்ஸ்பிரஸ்

கொல்கத்தாவில் குடியேறிய தமிழன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் எடுங்கள்.

பிரபோர்ன் சாலையில் பை, பொம்மை, பிளாஸ்டிக் சாமான் விற்கிற கடைகளுக்கு நடுவே மாகேன் டேவிட் ஜெபக்கூடத்தின் வாசல் இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1884இல் எஸ்ரா குடும்பம் கட்டியது. மணிக்கூண்டோடு சர்ச் மாதிரி உயரமான கோபுரம், உள்ளே கறுப்பு வெள்ளைச் சதுரத் தரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். கதவைத் திறந்துவிட்டு, தலையை மூடிக்கொள்ளச் சொல்லி, தோரா (யூத வேதம்) சுருள் வைக்கிற இடத்தைக் காட்டுகிறவர் முஸ்லிம். தலைமுறையாகப் பார்த்துவருகிற குடும்பங்கள், பூர்வீகம் ஒடிசா. பக்கத்திலேயே 1856இல் கட்டிய பெத் எல் ஜெபக்கூடம். அங்கேயும் இதே கதைதான்.

பள்ளி இன்னும் சுவாரசியம். 1881இல் பாக்தாத்திய யூதர்கள் தங்கள் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இப்போது பார்க் ஸ்ட்ரீட்டில் நடக்கிறது. நிர்வாகம் யூதர் கையில். படிக்கிற யூதப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. மாணவிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பள்ளிச் சின்னத்தில் ஆறுமுனை நட்சத்திரம். அதைச் சீருடையில் குத்திக்கொண்டு அந்தப் பிள்ளைகள் சாலையைக் கடப்பதை இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆண் பிள்ளைகளுக்கான எலியாஸ் மேயர் பள்ளியிலும் முஸ்லிம் மாணவர்கள்தான் அதிகம்.

இதற்கு எந்த நல்லிணக்கத் திட்டமும் காரணமில்லை. 1947க்குப் பிறகு யூதர்கள் இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிப் போனார்கள். வகுப்பறை காலி. சுற்றுவட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு, பெண் பிள்ளைகளைக் கட்டுப்படியாகிற கட்டணத்தில் ஆங்கில வழியில் படிக்க வைக்க ஒரு நல்ல பள்ளி தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

---

கோடைமழை

ஹௌரா, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு காலத்தில் சில ஆயிரம் பேர் இருந்த கொல்கத்தா யூதர்கள் இப்போது 20 பேர் இருந்தால் அதிகம். ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சம்பளம் வாங்குகிறார். விசுவாசமான வேலை, மரியாதை, எல்லாம் சரி. அதை இரண்டு சமூகங்களின் நட்பு என்று சொல்லலாமா? ஒரு தரப்பு கிட்டத்தட்ட மறைந்துவிட்ட பிறகு சண்டை போட யார் இருக்கிறார்கள்?

வைகைக்கரையானின் பிராட்ஃபோர்டுக்கும் இதுதான் என் பதில். இரண்டு பக்கமும் ஆள்பலத்தோடு, ஒரே தெருவில், ஒரே வார்டு தேர்தலில் மோதுகிற இடத்தில் நடந்த கதை ஏதாவது இருக்கிறதா?

---

குமரிக்கடல்

கோடைமழை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் நம் பக்கத்துக் கதை ஒன்றை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

கொல்லத்தில் கி.பி. 849இல் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்குக் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேடு. மானியம் கொடுத்தவர் வேணாட்டு அய்யனடிகள், எழுத்து வட்டெழுத்து. சாட்சிகளாக மேற்காசிய வணிகர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அரபியில் கூஃபி எழுத்தில் சிலர், பழைய பாரசீகமான பஹ்லவியில் சிலர், எபிரேய எழுத்தில் பாரசீகம் எழுதிய யூதர்கள் சிலர். ஒரே ஆவணத்தில், ஒரே வேலைக்காக. அதில் வருகிற அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் தக்கலையில் இன்றைக்கும் முஸ்லிம் ஜமாஅத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கொச்சி மட்டாஞ்சேரி. பரதேசி ஜெபக்கூடத் தெருவில் சாரா கோஹன் அம்மாவின் தையல் கடையைப் பார்க்காமல் யாரும் திரும்பியிருக்க மாட்டீர்கள். 2019இல், 96 வயதில் இறந்தார். கடைசிவரை அவரைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம். சிறுவனாக அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குப் போஸ்ட் கார்டு விற்றவர். சாராவின் கணவர் ஜேக்கப், கார்டுகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். அதில் தொடங்கிய உறவு. கணவர் போன பிறகு தாஹாதான் கடையையும் வீட்டையும் கவனித்தார். யூத ஆண்கள் தலையில் வைக்கிற குல்லாவைத் தைக்கவும் கற்றுக்கொண்டார். இதையும் ‘சம்பளம்’ என்று தள்ளிவிடுவீர்களா கோடைமழை?

---

கோடைமழை

இல்லை, இது வேறு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது இரண்டு மனிதர்களின் கதை.

---

நெறியாளர்

இந்த இடத்தில் இருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஒன்று எல்லா யூதர்களையும், இன்னொன்று எல்லா முஸ்லிம்களையும் திட்டியது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள், இரண்டு பெயரில். தொடருங்கள்.

---

கார்மேல் அக்கா

நான் நாகர்கோவில் பக்கம். இஸ்ரேலில் ஹைஃபா நகரில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன், இப்போது ஊரில். கோடைமழை தம்பி கேட்ட இடம் அதுதான். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற ஊர்.

நான் கவனித்துக்கொண்ட பாட்டி போலந்திலிருந்து வந்த யூதர். இரத்த அழுத்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தாலும் கீழ்த்தெரு மருந்துக்கடை அரபுப் பெண் ‘சரி’ என்று சொன்னால்தான் வாயில் போடுவார். பெட்டியின் மேல் அந்தப் பெண் பெரிய எழுத்தில் காலை, இரவு என்று எழுதிக் கொடுப்பாள், பாட்டியின் பேத்திகளை விசாரிப்பாள். இஸ்ரேலில் மருந்தாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அரபுக் குடிமக்கள். மருத்துவமனைகளிலும் அப்படித்தான், டாக்டர் அரபு, நர்ஸ் யூதர், அல்லது மாறி.

போர் நாட்களில் சைரன் அடித்தால் கட்டடத்தில் இருக்கிற எல்லாரும் ஒரே பாதுகாப்பு அறையில்தான். யூதர், அரபுக்காரர், நான், பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி. குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமா, சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வார்கள். ஏன் இந்தப் போர் என்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் அடுத்த நாள் ஒன்றாக வேலை செய்ய முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். வைகைக்கரையான் சார் சொல்கிற ‘கைவேலை’ அங்கே நிறைய இருக்கிறது. அதனால் அடிதடி குறையும், உண்மைதான். ஆனால் மனதில் இருப்பது அப்படியே உறைந்து கிடக்கும்.

---

வைகைக்கரையான்

அக்கா, என் கட்சியை ஒரே பதிவில் பாதி சாய்த்துவிட்டீர்கள். அப்படியென்றால் அங்கே அந்தப் பேச்சை எடுக்கிறவர்களே இல்லையா?

---

எலுமிச்சைத் தோட்டம்

இருக்கிறார்கள். ஆய்வுக்காக இதை நிறையப் படித்தவன் என்ற முறையில் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் நடுவே லத்ரூன் மடத்து நிலத்தில் ஒரு சிற்றூர். எபிரேயத்தில் நெவே ஷாலோம், அரபியில் வாஹத் அல்-சலாம். எகிப்தில் யூதராகப் பிறந்து பின்னர் டொமினிக்கன் துறவியான புரூனோ ஹுசார் ஏற்பாட்டில் 1970களில் உருவானது. யூதக் குடும்பங்களும், இஸ்ரேலியக் குடியுரிமை உள்ள பாலஸ்தீனக் குடும்பங்களும் (முஸ்லிம், கிறிஸ்தவர் இருவரும்) தாங்களாக விரும்பி ஒன்றாக வசிக்கிறார்கள். குழந்தைகளுக்கு இரு மொழிப் பள்ளி.

அந்த ஊரைச் சொர்க்கம் மாதிரி எழுதுகிறவர்கள் ஒரு சம்பவத்தை விட்டுவிடுவார்கள். 1997 பிப்ரவரியில் லெபனானுக்குப் போன இரண்டு இஸ்ரேலிய ராணுவ ஹெலிகாப்டர்கள் மோதி 73 வீரர்கள் இறந்தார்கள். அதில் ஒருவன் இந்த ஊரில் வளர்ந்த பையன். அவன் சாவுக்கு ஊரே அழுதது, அரபுக் குடும்பங்களும்தான். அப்புறம் ஊர் விளையாட்டுத் திடலில் அவனுக்கு ஒரு நினைவுப் பலகை வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. நாங்கள் பார்த்து வளர்ந்த பிள்ளை, அவனுக்காக அழுவோம், ஆனால் ஆக்கிரமிப்பு ராணுவத்தின் வீரனுக்கு எங்கள் ஊரில் பலகையா என்று அரபுத் தரப்பில் கேட்டார்கள். தன் ஊரே தன் பிள்ளையை நினைவுகூர மறுக்கிறதா என்று யூதத் தரப்பில் உடைந்துபோனார்கள். கசப்பான சண்டை. கடைசியில் எல்லாரும் சகிக்கக்கூடிய வாசகத்தோடு ஒரு சின்னப் பலகை வந்தது. யாரும் ஊரைக் காலி செய்து போய்விடவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அங்கேயே 1979இல் தொடங்கிய அமைதிப் பள்ளி இருக்கிறது. தொடக்கத்தில் இரு தரப்பு இளைஞர்களையும் பழக விட்டால் வெறுப்பு குறையும் என்ற நம்பிக்கையில் நடத்தினார்கள். அது போதவில்லை. பிறகு முறையை மாற்றினார்கள். ஒரு யூத நெறியாளர், ஒரு அரபு நெறியாளர். கூட்டு அமர்வுகளோடு ஒவ்வொரு தரப்புக்கும் தனி அமர்வும் உண்டு. தனி அமர்வில்தான் பலருக்கும் வாய் திறக்கும். கூட்டு அமர்வில் நிலம், ராணுவம், பயம், யார் மொழியில் பேசுகிறோம் என்பது உட்பட எல்லாம் மேசைக்கு வரும். அரபி தெரிந்த யூதர்கள் குறைவு என்பதால் பேச்சு தானாக எபிரேயத்துக்குப் போய்விடும். அதையே ஒரு பொருளாக எடுத்துப் பேசுவார்கள். 2020 செப்டம்பரில் அந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். ஜெருசலேமில் ‘கைக்குக் கை’ இருமொழிப் பள்ளியின் வகுப்பறைக்கு 2014இலேயே தீ வைக்கப்பட்டது. அந்தக் குற்றத்துக்காக யூதத் தீவிர அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள் தண்டனை பெற்றார்கள்.

---

நாகூர்க்காரன்

இது பரவாயில்லை. ஆக்கிரமிப்பு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போடாத கூட்டம் என்றால் நான் காது கொடுப்பேன். ஆனால் இஸ்ரேலியக் குடியுரிமை உள்ளவர்கள் ஒரு விஷயம், மேற்குக் கரையிலும் காஸாவிலும் இருப்பவர்கள் வேறு விஷயம். சோதனைச் சாவடியில் நிற்கிறவன், அங்கே துப்பாக்கியோடு நிற்கிறவனோடு எந்த மேசையில் உட்காருவான்?

---

எலுமிச்சைத் தோட்டம்

பாய், அந்தக் கேள்விக்குப் பதிலாக இருப்பதுதான் ‘பெற்றோர் வட்டம்’ என்ற அமைப்பு. 1995இல் யிட்ஸாக் ஃபிராங்கென்தால் என்ற யூதர் தொடங்கியது. அவர் மகனை அதற்கு முந்தைய ஆண்டு ஹமாஸ் கடத்திக் கொன்றது. உறுப்பினராக ஒரே தகுதி, இந்த மோதலில் நெருங்கிய உறவை இழந்திருக்க வேண்டும். இரு தரப்பிலும் சேர்த்து 700க்கும் அதிகமான குடும்பங்கள். புதிதாக யாரும் சேராமலிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை.

ரமி எல்ஹனானின் மகள் ஸ்மதார் 1997 செப்டம்பரில் ஜெருசலேம் பென் யெஹுதா தெருவில் தற்கொலைத் தாக்குதலில் இறந்தாள். பஸ்ஸாம் அராமினின் மகள் அபீர், 10 வயது, 2007 ஜனவரியில் அனாத்தாவில் பள்ளிக்கு வெளியே எல்லைக் காவல் படை சுட்ட ரப்பர் தோட்டா பட்டு இறந்தாள். சுட்டவர் மேல் குற்ற வழக்கு நடக்கவில்லை. அரசுதான் பொறுப்பு என்று சிவில் நீதிமன்றம் பின்னர் சொன்னது. பஸ்ஸாம் 17 வயதில் இஸ்ரேலியச் சிறைக்குப் போய் ஏழு ஆண்டு இருந்தவர். இந்த இரண்டு அப்பாக்களும் உலகம் முழுக்க ஒரே மேடையில் பேசிவருகிறார்கள். ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்று இருவருமே வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

இதை அரசு சும்மா விடுகிறதா? போரில் இறந்தவர்களை இஸ்ரேல் நினைவுகூரும் நாளுக்கு முந்தைய மாலையில் இவர்களும், இரு தரப்பிலும் முன்பு ஆயுதம் ஏந்தியவர்களின் ‘அமைதிக்கான போராளிகள்’ அமைப்பும் சேர்ந்து இரு தரப்புச் சாவுக்கும் ஒரே அஞ்சலிக் கூட்டம் நடத்துவார்கள். மேற்குக் கரைப் பாலஸ்தீனர்கள் அதற்கு வர அனுமதி மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் போய் அனுமதி வாங்கியது பலமுறை நடந்திருக்கிறது. 2023இல் கல்வி அமைச்சகம் இவர்களுடைய பள்ளிச் சந்திப்புகளையும் நிறுத்தியது.

---

கார்மேல் அக்கா

விவியன் சில்வர் அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காஸா எல்லையோரம் பெஎரி கிபுட்ஸில் (கூட்டுவாழ்வுக் குடியிருப்பு) இருந்தவர். காஸா நோயாளிகளை எல்லையில் ஏற்றிக்கொண்டு இஸ்ரேல் மருத்துவமனைகளுக்கு வண்டி ஓட்டியவர். ‘அமைதியை முன்னெடுக்கும் பெண்கள்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023 அக்டோபர் 4ஆம் தேதி அவர்களும் பாலஸ்தீனத்தின் ‘சூரியப் பெண்கள்’ அமைப்பும் சேர்ந்து பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். மூன்றாம் நாள் ஹமாஸ் தாக்குதலில் அவர் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவருடைய மகன் இப்போது முழுநேரமாக அமைதி வேலையில் இருக்கிறார்.

அதே அக்டோபர் 7இல் இஸ்ரேலின் ராஹத் ஊரைச் சேர்ந்த பெதூயின் (பாலைவன அரபு இனம்) முஸ்லிம், யூசுஃப் ஸியாத்னா, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தன் மினிபஸ்ஸில் சுமார் 30 பேரை, ஹமாஸ் தாக்கிய இசைவிழா நடந்த இடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஏறியவர்கள் யூத இளைஞர்கள். அவருடைய உறவினர்களையே காஸாவுக்குப் பணயக் கைதிகளாகக் கொண்டுபோயிருந்தார்கள்.

---

கோடைமழை

சரி அக்கா. ஆனால் கறாராகவே கேட்கிறேன். விவியன் சில்வர் மாதிரி ஆட்கள் இத்தனை வருடம் பேசியும் அக்டோபர் 7 நடந்தது, அதற்குப் பிறகு காஸா நடந்தது. பேச்சால் என்ன தடுக்கப்பட்டது?

---

எலுமிச்சைத் தோட்டம்

இரண்டு பக்கமும் சில ஆயிரம் பேர் பேசியதற்கு, இரண்டு பக்கமும் ஆட்சியில் இருந்தவர்கள் செய்ததைக் கணக்குக் கேட்கிறீர்கள். அவர்களிடம் ராணுவமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. அக்டோபர் 7இல் பெற்றோர் இருவரையும் இழந்தவர் மாவோஸ் இனோன். இஸ்ரேலியச் சிறையில் பட்ட காயத்தால் அண்ணனை இழந்தவர் அஸீஸ் அபூ சாரா. 2024 மே மாதம் வெரோனா நகரில் போப் பிரான்சிஸ் முன்னால் இருவரும் சேர்ந்து நின்றார்கள். தங்கள் இழப்பைக் காட்டிப் பழி வாங்கு என்று ஒருவரும் கேட்க முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இப்போதைக்கு அவ்வளவுதான் அவர்களால் முடியும்.

---

நாகூர்க்காரன்

நான் முதலில் எழுதியதில் பெரும்பகுதியை மாற்றப்போவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. பஸ்ஸாம் அராமின் பேசினால் நான் உட்கார்ந்து கேட்பேன், ரமி பேசினாலும் கேட்பேன். என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டு வா என்று அவர்கள் கூப்பிடவில்லை. ஐந்து நட்சத்திர ஓட்டலில் சர்வமத மாநாடு போட்டுப் புறா பறக்க விடுகிறவர்களோடு இவர்களைச் சேர்க்காதீர்கள்.

வைகைக்கரையான் அண்ணே, உங்கள் பிராட்ஃபோர்டுகூட இப்போது கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது. அங்கே இரு தரப்பும் சமமாக நின்று ஒரே நகராட்சிக்கு மனு போட முடிந்தது. காஸாக்காரன் எந்த நகராட்சிக்கு மனு போடுவான்?

---

வைகைக்கரையான்

அதற்கு என்னிடம் பதில் இல்லை பாய். என் கட்சியைத் திருத்திச் சொல்கிறேன்: கைவேலையும் வேண்டும், சம உரிமையும் வேண்டும், அந்த உரிமை இல்லாத இடத்தில் அதைப் பற்றித்தான் முதல் பேச்சே இருக்க வேண்டும். இதற்கு மேல் என் பக்கத்தை நான் இழுக்கவில்லை.

---

புதுச்சட்டை

கல்லூரி மாணவன், இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டிசம்பரில் நண்பர்களோடு கொல்கத்தா போகிறேன். அந்த ஜெபக்கூடத்துக்குள் நம்மை விடுவார்களா?

---

ஹௌரா எக்ஸ்பிரஸ்

விடுவார்கள் தம்பி. ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள், வாசலில் கேட்பார்கள். சனிக்கிழமை போகாதே, அன்றைக்கு ஓய்வுநாள். நியூ மார்க்கெட்டில் நஹூம்ஸ் என்று 1902லிருந்து இருக்கிற யூதர் பேக்கரி உண்டு. டிசம்பர் கடைசி வாரம் கிறிஸ்துமஸ் கேக்குக்கு அங்கே வரிசை வெளியே வரை நிற்கும், அதனால் காலையிலேயே போய்விடு.